வழக்குமன்றத்தில் உடலற்ற திருச்சபை: ஒரு தீர்ப்பும் ஓர் அறிக்கையும்

திருச்சபைகளுக்குள் நிகழ்ந்த பாலியல் கொடுமைகளைக் குறித்து அண்மைக் காலத்தில் பலவும் எழுதப்பட்டுள்ளன. அவற்றுள் ஒரு பகுதி, குற்றம் புரிந்தவருக்குரிய தண்டனையைப் பற்றியது. மற்றொரு பகுதி, இனி இத்தகைய கொடுமை நிகழாதபடி சபைகள் வகுத்துக்கொள்ள வேண்டிய விதிமுறைகளைப் பற்றியது. இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. கொடுமைக்கு உள்ளாகி, அதன் வடுக்களோடு இன்றும் நம்மிடையே வாழ்கின்ற ஒருவருக்கு ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் யார் என்பதே அது. இக்கேள்வியைக் கேட்பதற்கு நாட்டின் சட்டம் திறந்துவைத்துள்ள வாயில் உரிமையியல் வழக்கு, அதாவது நம் மக்கள் சிவில் வழக்கு என்று கூறுவது.

ஆஸ்திரேலிய நாட்டில் தோன்றிய இரண்டு ஆவணங்கள் இக்கேள்வியைத் திருச்சபையின் முன் மறுக்க இயலாதபடி வைத்துள்ளன. ஒன்று, எல்லிஸ் வழக்கில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007ஆம் ஆண்டில் அளித்த தீர்ப்பு. மற்றொன்று, நிறுவனங்களில் சிறார்மீது இழைக்கப்பட்ட பாலியல் கொடுமைகளை ஆராய்ந்த அரச விசாரணை ஆணையம், ஈட்டுதவியும் உரிமையியல் வழக்கும் என்னும் பொருள் பற்றி 2015 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை. இவ்விரண்டையும் அருகருகே வைத்து ஆராய்வதும், அவை நம் நாட்டுப் போதகர்களுக்கும் இறையியல் மாணவர்களுக்கும் எழுப்பும் வினாக்களைச் சுட்டிக்காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

1. இருவகை வழக்குகள்

சட்டம் பயிலாத வாசகர்களுக்காக ஒரு வேறுபாட்டை முதலில் தெளிவுபடுத்துவது நலம். குற்றவியல் வழக்கை நடத்துவது அரசு. அதில் பாதிக்கப்பட்டவர் சாட்சிகளுள் ஒருவர் மட்டுமே. குற்றம் நியாயமான ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட வேண்டும். மெய்ப்பிக்கப்பட்டால் குற்றவாளி தண்டனை பெறுகிறான். அவன் இறந்துவிட்டால் வழக்கும் அவனோடு முடிந்துவிடுகிறது.

உரிமையியல் வழக்கிலோ பாதிக்கப்பட்டவரே வாதி. வழக்கைத் தொடுப்பதும், நடத்துவதும், முடித்துக்கொள்வதும் அவருடைய உரிமை. இரு தரப்பையும் சீர்தூக்கி எது மிகுதியும் நிகழ்ந்திருக்கக்கூடும் என்று நீதிபதி முடிவு செய்தாலே போதும். குற்றவியல் வழக்கில் விடுதலை பெற்ற ஒருவரும் இவ்வழக்கில் பொறுப்பாளி ஆகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, குற்றம் புரிந்தவரை மட்டுமன்றி, அவரை நியமித்து, அவருக்கு அதிகாரமும் மதிப்பும் அளித்து, சிறுவர்களின் அருகில் நிற்கும் வாய்ப்பையும் தந்த நிறுவனத்தையே பிரதிவாதியாக மன்றத்துக்கு அழைக்கலாம். குற்றவியல் சட்டம் ‘இதைச் செய்தவன் யார்?’ என்று கேட்கிறது. உரிமையியல் சட்டமோ ‘இவரைக் காக்கக் கடமைப்பட்டிருந்தவர் யார்?’ என்று கேட்கிறது. இரண்டாவது கேள்விதான் திருச்சபையை அதிகமாக அச்சுறுத்துகிறது.

2. தீர்ப்பு கூறியது

எல்லிஸ் என்பவர் சிட்னி நகரின் புறத்தேயுள்ள ரோமன் கத்தோலிக்கப் பங்கு ஒன்றில் பீடச் சிறுவராகப் பணியாற்றியவர். 1974ஆம் ஆண்டு முதல் 1979 வரை அப்பங்கின் உதவிக் குருவால் பாலியல் கொடுமைக்கு உள்ளானதாக 2002இல் அவர் உயர்மறைமாவட்டத்திடம் முறையிட்டார். திருச்சபை தானே அமைத்திருந்த விசாரணையில், அக்கொடுமை நிகழ்ந்திருக்கவே வேண்டும் என்று மதிப்பீட்டாளர் முடிவு கூறினார். உயர்மறைமாவட்டம் முதலில் 25,000 டாலரும், பின்னர் 30,000 டாலரும் தர முன்வந்தது. அத்தொகையை ஏற்காமல் அவர் நீதிமன்றத்தை நாடினார்.

அங்கே அவர் யார்மீது வழக்குத் தொடுப்பது? குற்றம் சாட்டப்பட்ட குரு 2004இல் இறந்துவிட்டார். கொடுமை நிகழ்ந்ததாகக் கூறப்பட்ட காலத்தில் பேராயராயிருந்தவர் அதற்கு முன்பே காலமானார். ஆகவே அப்போதைய பேராயர் மீதும், 1936ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி திருச்சபையின் நிலங்களையும் கட்டடங்களையும் நிதிகளையும் தம் பெயரில் வைத்திருந்த சொத்து அறங்காவலர் குழுவின் மீதும் வழக்குத் தொடர்ந்தார்.

2007 மே 24ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம், இவ்விரு பிரதிவாதிகள் மீதும் வழக்கை நடத்த இயலாது என்று தீர்த்தது. அதன் நியாயம் சுருக்கமாக இது: அறங்காவலர்கள் சொத்தை வைத்திருப்பவர்கள் மட்டுமே, குருக்களை நியமிப்பதும் கண்காணிப்பதும் அவர்கள் வேலை அன்று, ஆகையால் குருவின் செயலுக்கு அவர்கள் பொறுப்பல்லர். அப்போதைய பேராயர், கொடுமை நிகழ்ந்த காலத்தில் அப்பதவியில் இருந்தவரல்லர். முன்னவரின் கடமைத் தவறு பதவியோடு அவருக்கு வந்து சேர்வதில்லை. திருச்சபையோ சட்டத்தால் உருப்பெறாத ஒரு மக்கள் கூட்டம். அதற்குச் சட்டத்தின் கண்ணில் ஆளுமை இல்லை. ஆகையால் அதன்மீதும் வழக்குத் தொடுக்க முடியாது. அதே ஆண்டு நவம்பரில் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றமும் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. இவ்வாதம் ‘எல்லிஸ் தற்காப்பு’ என்னும் பெயரால் வழங்கலாயிற்று.

இத்தீர்ப்பை எழுதிய நீதிபதிகளைக் குறைகூறுவது எளிது; ஆனால் அது நேர்மையன்று. தமக்கு முன்னிருந்த சட்டத்தை அவர்கள் ஒழுங்காகவே வாசித்தார்கள். கொடுமை நிகழ்ந்ததா இல்லையா என்பதை அவர்கள் தீர்மானிக்கவில்லை. வழக்கு அந்த இடம்வரை செல்லவே இல்லை. விமரிசனத்துக்குரியது நீதிபதிகளின் வாசிப்பு அன்று. அவர்கள் முன் வைக்கப்பட்ட வாதம்.

அவ்வாதத்தை வைத்தது ஒரு வணிக நிறுவனம் அன்று, திருச்சபை. ஞாயிறுதோறும் தான் கிறிஸ்துவின் சரீரம் என்று அறிக்கையிடும் சபை, ஓர் அவயவம் பாடுபட்டால் எல்லா அவயவங்களும் கூடப் பாடுபடும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய பன்னிரண்டாம் அதிகாரத்தைப் பிரசங்கிக்கும் சபை, காயமுற்ற அவயவம் ஒன்று வழக்குமன்றத்தில் வந்து நின்றபோது, தனக்குச் சரீரமே இல்லை என்று வழக்கறிஞர் மூலம் அறிவித்தது. சொத்து வாங்குவதற்கு அதற்கு உடல் இருந்தது. வாடகை பெறுவதற்கு உடல் இருந்தது. மறைந்த அன்பர்களின் உயில் கொடைகளை ஏற்பதற்கும் உடல் இருந்தது. பொறுப்பேற்கும் வேளையில் மட்டும் அது உடலற்ற ஆவியாயிற்று. ஆதித் திருச்சபை மறுத்துத் தள்ளிய போதனைகளுள் ஒன்று, கிறிஸ்து மெய்யான உடலோடு வரவில்லை, உடலுள்ளவர்போல் தோன்றினார் என்பது. அந்தத் தோற்ற வாதத்தைக் கிறிஸ்துவைக் குறித்து மறுக்கின்ற நாம், திருச்சபையைக் குறித்து ஏற்றுக்கொள்ளலாமா? சட்டப்படி சரியாயிருந்த அவ்வாதம், இறையியலின்படி கூறத்தகாததாயிருந்தது. இவ்வழக்கில் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய முதற்பாடம் இதுவே.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தன் சொந்த விசாரணையில் ஏற்றுக்கொண்ட உண்மையையே நீதிமன்றத்தில் உயர்மறைமாவட்டம் எதிர்த்தது. அக்கொடுமை நிகழவே இல்லை என்னும் நோக்கில் எல்லிஸ் குறுக்கு விசாரணை செய்யப்பட்டார். 2014 மார்ச்சில் ஆணையத்தின் முன் சாட்சி கூறிய காலஞ்சென்ற கர்தினால் ஜார்ஜ் பெல், இத்தகைய வழக்குகளில் திருச்சபைமீது வழக்குத் தொடுக்கக்கூடிய நிலை இருக்க வேண்டும் என்பதே தம் கருத்து எனக் கூறியதோடு, எல்லிஸிடம் மன்னிப்பும் கேட்டார். தீர்ப்பு வந்து ஏழு ஆண்டுகள் சென்றபின் வந்த மன்னிப்பு அது.

இதனை ரோமன் கத்தோலிக்கரின் குறையாக மட்டும் எண்ணி நாம் ஆறுதல் கொள்வதற்கில்லை. ஆங்கிலிக்கன் திருச்சபையின் கிராஃப்டன் பேராயத்தைச் சார்ந்த சிறார் இல்லம் ஒன்றில் வளர்ந்தவர்கள் கூட்டாக ஈடு கேட்டபோது, அப்பேராயமும் தனக்குச் சட்டப் பொறுப்பு இல்லை என்றே மறுத்தது. அங்கு பேராயர் 2013இல் பதவி விலக நேர்ந்தது. ஆணையம் ஆராய்ந்த நிறுவனங்களில் இரட்சணிய சேனையும் சீர்திருத்த மரபுப் பள்ளிகளும் இருந்தன.

3. அறிக்கையின் நிறைகள்

2013 ஜனவரியில் அமைக்கப்பட்ட ஆணையம், ஐந்து ஆண்டுகளில் 57 பொது விசாரணைகளை நடத்தி, 8,000க்கு மேற்பட்டோரைத் தனித்தனியே சந்தித்துக் கேட்டது. 2017 டிசம்பரில் அதன் இறுதி அறிக்கை வந்தது. நாம் எடுத்துக்கொண்ட 2015ஆம் ஆண்டு அறிக்கையில் 99 பரிந்துரைகள் உள்ளன. அவற்றுள் மூன்று நம் கவனத்துக்குரியவை.

முதலாவது, காலவரம்பு பற்றியது. உரிமையியல் வழக்குகளைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும் என்பது எல்லா நாடுகளிலும் உள்ள விதி. கடனுக்கும் எல்லைத் தகராறுக்கும் இது பொருந்தலாம். ஆனால் சிறுவயதில் கொடுமைக்கு உள்ளானவர்கள் அதனை முதன்முதலாக ஒருவரிடம் சொல்வதற்கே சராசரியாக 23.9 ஆண்டுகள் ஆகின என்று ஆணையத்தின் இறுதி அறிக்கை கண்டது. வாய் திறக்கும் முன்னரே வாயில் மூடப்பட்டுவிடுகிறது. ஆகவே இவ்வகை வழக்குகளுக்குக் காலவரம்பை அறவே நீக்க வேண்டும், அதுவும் கடந்தகாலக் கொடுமைகளுக்கும் பொருந்தும்படி நீக்க வேண்டும் என்று அறிக்கை பரிந்துரைத்தது. விக்டோரியா மாநிலம் 2015லும் நியூ சவுத் வேல்ஸ் 2016லும் அவ்வாறே சட்டம் இயற்றின.

இரண்டாவது, பிரதிவாதி பற்றியது. திருச்சபை தன் சொத்துகளை அறங்காவலர் பெயரில் வைத்திருக்குமாயின், வழக்குக்கு விடை சொல்லத்தக்க ஒருவரை அது தானே காட்ட வேண்டும். காட்டத் தவறினால் அச்சொத்துக் குழுவே பிரதிவாதியாகக் கொள்ளப்பட வேண்டும். 2018இல் இம்மாநிலங்கள் இயற்றிய சட்டங்களால் எல்லிஸ் தற்காப்பு அங்கே முடிவுக்கு வந்தது. திருச்சபை மனமுவந்து ஏற்காத உடலை அரசு சட்டத்தால் அதற்கு அணிவித்தது என்று கூறலாம். இது நமக்குப் பெருமை தரும் வரலாறு அன்று.

மூன்றாவது, ஈட்டுதவித் திட்டம் பற்றியது. வழக்காடும் வலிமை எல்லார்க்கும் இல்லை. குறுக்கு விசாரணையில் மீண்டும் ஒருமுறை நொறுங்கிப்போக விரும்பாதவர் பலர். அவர்களுக்காக மூன்று கூறுகள் கொண்ட திட்டம் ஒன்றை அறிக்கை வகுத்தது: நிறுவனத்தின் பொறுப்பாளர் நேரில் வந்து செவிகொடுத்து மன்னிப்புக் கேட்டல், வாழ்நாள் முழுவதும் தேவைப்படும்போது மனநல உதவி, பண ஈடு. பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மட்டுமே முதற்கூறு நிகழ வேண்டும் என்றது. இதில் மெய்யான மேய்ப்பு உணர்வு உள்ளது. மனந்திரும்பினவனுடைய மன ஆறுதலுக்காக, காயப்பட்டவர் அவனுடைய கண்ணீரைச் சகித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

4. அறிக்கையின் குறைகள்

இத்தனை நிறைகள் உள்ள அறிக்கையிலும் நாம் ஏற்கத் தயங்கும் கூறுகள் உள்ளன.

ஈட்டுத்தொகைக்கு அறிக்கை குறைந்த அளவு 10,000 டாலர், உயர்ந்த அளவு 200,000 டாலர், சராசரி 65,000 டாலர் எனக் கணக்கிட்டது. கொடுமையின் வகைக்கும் விளைவுக்கும் தனித்தனி மதிப்பெண்கள். அரசுத் திட்டம் ஒன்றுக்கு அளவுகோல் தேவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒரு குழந்தையின் துயரம் அட்டவணையில் ஏறும்போது, அவர் கதை கேட்கப்படுவதற்குப் பதிலாக எண்ணப்படுகிறது. 2018 ஜூலை முதல் நாள் தொடங்கிய தேசியத் திட்டமோ உயர்ந்த அளவையும் 150,000 டாலராகக் குறைத்துவிட்டது.

இதனினும் கனமானது வேறொன்று. திட்டத்தின் வழியே பணம் பெறுபவர், அந்நிறுவனத்தின் மீது இனி உரிமையியல் வழக்குத் தொடுப்பதில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இந்நிபந்தனையை அறிக்கையே அனுமதித்தது. நிறுவனங்கள் திட்டத்தில் சேர இது தேவைப்பட்டது என்பது அதன் நியாயம். ஆனால் முதுமையிலும் வறுமையிலும் இருப்பவர் இன்று கிடைக்கும் சிறு தொகைக்காக நாளைய பெரிய உரிமையை விட்டுவிடுவார் என்பதை உணரப் பெரிய சட்டஞானம் வேண்டியதில்லை. பசித்து வந்தவனிடம் கூழைக் காட்டிப் பிறப்புரிமையை வாங்கிய சகோதரனின் கதை நமக்குத் தெரியும்.

நிறுவனம் தகுந்த முன்னெச்சரிக்கை எடுத்ததாகத் தானே மெய்ப்பித்தாலன்றி அது பொறுப்பாளி ஆகும் என்னும் சிறந்த பரிந்துரையும், வருங்காலக் கொடுமைகளுக்கு மட்டுமே என்று வரையறுக்கப்பட்டது. இதன் விளைவு 2024 நவம்பரில் வெளிப்பட்டது. 1971இல் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஓர் உதவிக் குரு இழைத்த கொடுமைக்கு அவருடைய மறைமாவட்டம் பொறுப்பாகுமா என்னும் வழக்கில், குருவானவர் சட்டப்படி ஊழியர் அல்லர், ஆகையால் அவர் செயலுக்கு மறைமாவட்டம் பொறுப்பாகாது என்று ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் தீர்த்தது. உடல் கிடைத்தது, ஆனால் அதன் கை செய்ததற்கு அந்த உடல் பொறுப்பில்லை என்றாயிற்று. நியமனத்தையும், இடமாற்றத்தையும், கீழ்ப்படிதலின் வாக்குறுதியையும் கொண்டு தன் பணியாளரை ஆளுகிற சபை, அவர் தன் ஊழியர் அல்லர் என்னும் சட்ட நுணுக்கத்தின் நிழலில் ஒதுங்கலாமா என்னும் கேள்வி இன்னும் நம்முன் நிற்கிறது.

இறுதியாக, ஆணையத்தின் வரம்பு சிறார்க்கு மட்டுமே உரியது. வயதுவந்த பெண்கள், சபையின் பணிப்பெண்கள், விடுதி மாணவியர், ஆலோசனை நாடிப் போதகரிடம் வருகிற விதவையர் ஆகியோரைப் பற்றி அது பேசவில்லை. இது ஆணையத்தின் தவறு அன்று. ஆனால் இவ்வறிக்கையை நம் நாட்டில் வாசிப்போர் அதன் எல்லையே பிரச்சினையின் எல்லை என்று கருதிவிடக் கூடாது.

5. பவுல் வழக்காடுதலைத் தடுத்தாரா?

இவ்விடத்தில் நம் சபையார் பலருடைய உள்ளத்தில் எழும் மறுப்பு ஒன்று உண்டு. சகோதரன் சகோதரனை அவிசுவாசிகளின் முன் வழக்குக்கு இழுக்கலாகாது என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஆறாம் அதிகாரம் கூறவில்லையா? அநியாயத்தைப் பொறுத்துக்கொள்வது மேலானது என்றும் அங்கே உள்ளதன்றோ? பாதிக்கப்பட்டவர் வாய் திறக்க முற்படும்போதெல்லாம் இப்பகுதி எடுத்துக் காட்டப்படுவதை நாம் அறிவோம்.

இப்பகுதியைச் சூழமைவோடு வாசிக்க வேண்டும். பவுல் அங்கே பேசுவது அன்றாடப் பிழைப்பைச் சார்ந்த சிறு விவகாரங்களைப் பற்றி. மூலமொழிச் சொல் அதனையே குறிக்கிறது. ரோமர் கால உரிமையியல் மன்றங்கள் செல்வமும் செல்வாக்கும் உள்ளவர்களுக்கே இசைவாக இருந்தன. எளியவன் வலியவன்மீது வழக்குத் தொடுப்பது அரிது. ஆகவே பவுல் கடிந்துகொள்வது, மன்றத்தைக் கருவியாகக் கொண்டு சகோதரரை வஞ்சிக்கும் வலியவர்களை. எட்டாம் வசனம் இதனை வெளிப்படையாகவே கூறுகிறது: நீங்களே அநியாயஞ் செய்கிறீர்கள் என்பது அதன் கருத்து. அநியாயஞ் செய்தவனைக் கண்டிக்கும் வசனத்தை அநியாயத்துக்கு உள்ளானவரின் வாயைக் கட்டப் பயன்படுத்துவது, வேதவாக்கியத்தைத் தலைகீழாக நிறுத்துவதாகும்.

மேலும், ஆறாம் அதிகாரத்துக்கு முன் ஐந்தாம் அதிகாரம் உள்ளது. சபைக்குள் நிகழ்ந்த பாலியல் தீங்கைக் கண்டும் காணாதிருந்த கொரிந்து சபையை அங்கே பவுல் கடுமையாகச் சாடுகிறார். அதனை உள்வீட்டு விவகாரமாக மூடிவைக்க அவர் இடந்தரவில்லை. தமக்கு அநீதி நேர்ந்தபோது பிலிப்பி நகரின் அதிகாரிகள் நேரில் வந்து தம்மை வெளியே அழைத்துச் செல்ல வேண்டும் என்று அவர் கேட்டார். செசரியாவில் இராயனுக்கு அபயமிட்டார். நாட்டின் சட்டத்தை நாடுவது விசுவாசக் குறைவு என்று அவர் எண்ணியதாகத் தெரியவில்லை.

ஈடுசெய்தல் வேதாகமத்தில் மன்னிப்புக்கு எதிரானது அன்று, அதற்கு முந்தியது. எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரத்தின் ஒழுங்கு இது: பாவத்தை அறிக்கையிடுதல், முதலையும் அதனோடு ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துத் தீங்குற்றவரிடம் கொடுத்தல், அதன்பின் பாவநிவிர்த்தி. லேவியராகமம் ஆறாம் அதிகாரமும் இதனையே கற்பிக்கிறது. சகேயு நாலத்தனையாய்த் திரும்பக் கொடுக்க முன்வந்த பின்னரே அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததாக ஆண்டவர் அறிவித்தார். இடைவிடாமல் நியாயாதிபதியிடம் போய் நின்ற விதவையின் உவமையில், வழக்காடுகிற பெண்ணையே அவர் ஜெபத்தின் முன்மாதிரியாக்கினார்.

ஆயினும் வேதாகமத்தின் எல்லாப் பகுதிகளையும் ஒரே தட்டில் வைப்பதும் நேர்மையாகாது. உபாகமம் இருபத்திரண்டாம் அதிகாரத்தின் சட்டத்தில், கெடுக்கப்பட்ட பெண்ணுக்காக ஐம்பது வெள்ளிக்காசு தரப்படுகிறது. ஆனால் பெறுபவர் தகப்பன். பெண்ணோ தன்னைக் கெடுத்தவனுக்கே மனைவியாகிறாள். அக்காலச் சமுதாயத்தில் அவளுக்குப் பிழைப்பு அளிக்கும் நோக்கம் அதில் இருந்திருக்கலாம். ஆனால் அவள் குரல் அச்சட்டத்தில் எங்கும் இல்லை. இரண்டாம் சாமுவேலில் தாமார் உரக்கக் கதறினாள். சகோதரன் மௌனமாயிரு என்றான். அரசனாகிய தகப்பன் கோபங்கொண்டான், ஆனால் ஒன்றும் செய்யவில்லை. குடும்பப் பெயரைக் காத்த அந்த மௌனம் குடும்பத்தையே அழித்ததை அடுத்துவரும் அதிகாரங்களில் காண்கிறோம்.

6. நம் நாட்டில் உள்ள வழிகள்

நம் நாட்டில் 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி, இத்தகைய தீங்குக்கு இழப்பீடு கோரும் வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டுகளே வரம்பு. சிறுவயதில் தீங்குற்றவர் வயதுவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள், அதாவது ஏறத்தாழ இருபத்தொன்றாம் வயதுக்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டும். வாய் திறக்கச் சராசரி 23.9 ஆண்டுகள் என்பது அயல்நாட்டுக் கணக்கே. ஆயினும் மானம் என்னும் சொல்லுக்கு இத்தனை கனம் உள்ள நம் சமுதாயத்தில் அது குறைவாக இருக்கும் என எண்ண ஏதுவில்லை. கோரும் தொகைக்கேற்ப நீதிமன்றக் கட்டணமும் உண்டு. தமிழ்நாட்டில் 2017இல் அது ஏழரை விழுக்காட்டிலிருந்து மூன்று விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. கட்ட இயலாதவர் வறியவராக வழக்காட அனுமதி கேட்கலாம். பெண்களும் சிறாரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. அணுக வேண்டிய இடம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு.

வேறு வழிகளும் உண்டு. ஹௌரா ரயில் நிலையத்தின் பயணியர் விடுதியில் ரயில்வே ஊழியர் உள்ளிட்டோரால் கெடுக்கப்பட்ட வங்கதேசப் பெண் ஒருவருக்குப் பத்து இலட்சம் ரூபாய் இழப்பீட்டை உச்சநீதிமன்றம் 2000 ஜனவரியில் உறுதிசெய்தது. அது தனிமனிதர்களின் செயல், ரயில்வே அதற்குப் பொறுப்பன்று என்னும் வாதம் அங்கே ஏற்கப்படவில்லை. எல்லிஸ் தீர்ப்போடு இதனை ஒப்பிட்டு நோக்குக. ஆயினும் இவ்வழி அரசையும் அரசுசார் நிறுவனங்களையும் நோக்கியது. சபைகளுக்கு நேரே பொருந்துவதன்று.

2018இல் தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வகுத்த திட்டத்தில், பாலியல் வன்கொடுமைக்கு உள்ளான பெண்ணுக்கு 4 இலட்சம் முதல் 7 இலட்சம் ரூபாய் வரை இழப்பீடு குறிக்கப்பட்டுள்ளது. சிறார்க்கு 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் 2020ஆம் ஆண்டு விதிகளும் இடைக்கால இழப்பீட்டுக்கும் வழிசெய்கின்றன. குற்றவாளி விடுதலை பெற்றாலும், கண்டுபிடிக்கப்படாமற் போனாலும் இழப்பீடு அளிக்கலாம். இவை பாராட்டத்தக்க ஏற்பாடுகள். எனினும் இங்கே ஈடுசெய்வது அரசின் நிதி. பொறுப்பாளியான நிறுவனம் ஒரு காசும் தராமலே வழக்கு முடிந்துவிடக்கூடும். பாதிக்கப்பட்டவருக்கு உதவி கிடைக்கிறது. ஆனால் காக்கக் கடமைப்பட்டிருந்தவர் யார் என்னும் கேள்வி கேட்கப்படாமலே போகிறது.

இழப்பீட்டையும் சமரசத்தையும் ஒன்றாகக் குழப்புவதும் நம்மிடையே உள்ள ஆபத்து. 2015 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஓர் ஆணை, பாலியல் வன்கொடுமைக்குத் தண்டனை பெற்றவருக்குச் சமரசப் பேச்சுக்காக ஜாமீன் அளித்தது. பெரும் எதிர்ப்புக்குப்பின் அடுத்த மாதமே அது திரும்பப் பெறப்பட்டது. திருமணத்தையோ சமரசத்தையோ நீதிமன்றங்கள் ஆலோசனையாகவும் கூறலாகாது என்று உச்சநீதிமன்றம் 2021 மார்ச்சில் தெளிவாக்கியது. உபாகமத்துச் சட்டத்தின் நிழல் நம் நீதிமன்றங்களைவிட்டு அகலத் தொடங்கியுள்ளது. நம் சபைக்குழு அறைகளைவிட்டும் அது அகல வேண்டும். சிறார்மீது நிகழ்ந்த குற்றத்தை அறிந்தும் காவல்துறைக்குத் தெரிவியாதது போக்சோ சட்டப்படி குற்றம் என்பதையும், போதகருக்கு அதில் விலக்கு இல்லை என்பதையும் மாணவர்கள் நினைவிற்கொள்க.

7. நம்முன் உள்ள கடமை

தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானபோது, அதன் சொத்துகளை வைத்திருக்க டிரஸ்டு அசோசியேஷன் ஒன்று பதிவு செய்யப்பட்டது. மற்றச் சபைகள் பலவற்றிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. இதில் தவறு ஒன்றுமில்லை; சொத்தைக் காக்க அது தேவை. ஆனால் நாளை ஒரு விடுதி மாணவியோ ஒரு பணிப்பெண்ணோ நம்மீது வழக்குத் தொடுத்து நின்றால், சொத்து ஒருவரிடம், நியமனம் ஒருவரிடம், கண்காணிப்பு மற்றொருவரிடம், ஆகையால் பொறுப்பு எவரிடமும் இல்லை என்று நாம் விடை சொல்வோமா? அவ்விடையைச் சட்டம் ஒருவேளை ஏற்கலாம். பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முன்பு போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்னவர் ஏற்பாரா?

ஆகவே நம் பேராயங்களும் ஆலோசனைச் சங்கங்களும் மூன்று தீர்மானங்களையாவது எடுப்பது நலம். வழக்கு வந்தால் விடைசொல்லப் பொறுப்பான ஒருவரைத் தாமே முன்கூட்டிப் பெயரிட்டு அறிவிக்க வேண்டும். காலம் கடந்துவிட்டது என்னும் தற்காப்பை இவ்வகை வழக்குகளில் எழுப்புவதில்லை என்று முடிவு செய்ய வேண்டும். அத்தற்காப்பை நீதிமன்றம் தானாகவே கருதக்கூடுமாயினும், நம் வாயிலிருந்து அது வரலாகாது. உள்விசாரணையில் ஏற்றுக்கொண்ட உண்மையை நீதிமன்றத்தில் மறுக்கும்படி வழக்கறிஞருக்கு அறிவுறுத்தலாகாது. இவற்றுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.

சபையின் பணம் ஏழைகளின் காணிக்கை, அதை இழப்பீட்டுக்குக் கொடுப்பது முறையா என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியை அலட்சியம் செய்வதற்கில்லை. ஆனால் காயப்பட்டு நிற்பவரும் பெரும்பாலும் ஏழையின் பிள்ளையே. காணிக்கை போட்ட கைகள் தம் பிள்ளையின் கையையும் நம்மை நம்பியே பிடித்துக் கொடுத்தன. அந்த நம்பிக்கைக்கு நாம் கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள். சரீரமானது தன் அவயவத்தின் நோவை உணர்வதற்கு நீதிமன்றத்தின் ஆணைக்காகக் காத்திருப்பதில்லை.